உரக்குவியலுக்குள் சென்சார் வைக்க ஒரு டெக்னிக்கல் கோ-ஃபவுண்டர் வேண்டும்: எங்கே, எப்படித் தேடுவது?

மட்குக்காரன்:

வணக்கம் நண்பர்களே. ஒரு டெக்னிக்கல் கோ-ஃபவுண்டரை, அதாவது தொழில்நுட்ப வேலையைப் பார்த்துக்கொண்டு என்னோடு சேர்ந்து நிறுவனம் தொடங்குகிறவரை, தேடி எட்டு மாதமாக அலைகிறேன். எங்கே தப்பு செய்கிறேன் என்று புரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

என் தொழில் கம்போஸ்ட். ஆறு வருடமாக ஒரு யார்டை நடத்துகிறேன். உணவுக் கழிவு, மரத்தூள், இலைச்சருகு எல்லாவற்றையும் கலந்து நீளக் குவியல்களாகப் போட்டு, அவ்வப்போது புரட்டி உரமாக்குகிறோம். சரியாக நடந்தால் நல்ல உரம் கிடைக்கும். நடக்காவிட்டால் குவியலின் நடுவில் காற்று தீர்ந்து அழுக ஆரம்பித்துவிடும். நாற்றம் மட்டுமில்லை, மீத்தேனும் கிளம்பும். 20 வருடக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 80 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். குப்பைக் கிடங்குக்குப் போகாமல் தடுத்துக் கொண்டுவந்த கழிவு என் யார்டிலேயே மீத்தேனாகக் கிளம்பினால், நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கே அர்த்தமில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஸ்டார்ட்அப் யோசனை இதுதான்: குவியலுக்குள் வெப்ப சென்சார்களைச் செருகி வைத்து, எதை எப்போது புரட்ட வேண்டும் என்று யார்டு நடத்துகிறவருக்கு முன்கூட்டியே சொல்வது. இப்போது நாள் கணக்கு வைத்துப் புரட்டுகிறோம், இல்லையென்றால் நாற்றம் வந்தபிறகு ஓடுகிறோம். தேவையில்லாமல் புரட்டினால் டீசல் வீண், சூடும் இறங்கிவிடும். தாமதித்தால் மேலே சொன்ன கதைதான்.

முதலில் ஒருவர் கிடைத்தார். ஆப் செய்வதில் கெட்டிக்காரர். மூன்று மாதத்தில் அழகழகான திரைகள் வந்துவிட்டன, சென்சார் மட்டும் வரவில்லை. யார்டுக்கு அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை. அப்புறம் சம்பளத்தோடு ஒரு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் எழுதிய கோடு (கணினி நிரல்) முழுக்க அவருடைய ஆன்லைன் கணக்கில் இருந்ததால் என் கையில் எதுவும் மிஞ்சவில்லை. எதையும் எழுத்தில் போட்டுக்கொள்ளாதது எங்கள் இருவர் தப்பும்தான். அடுத்து வந்தவர் முதல் சந்திப்பிலேயே, இதைக் கார்பன் கிரெடிட் (குறைத்த வாயு வெளியீட்டுக்கான சான்று) விற்கும் தளமாக மாற்றிவிடலாம் என்றார். இன்னும் அளக்கவே தொடங்கவில்லை, அதற்குள் விற்பதா? மனசு ஒப்பவில்லை, விட்டுவிட்டேன்.

பிறகு, "பூமியைக் காப்பாற்றும் முயற்சிக்கு சிடிஓ (தொழில்நுட்பத் தலைவர்) தேவை, இப்போதைக்குச் சம்பளம் இல்லை, பங்கு உண்டு" என்று பல இடங்களில் எழுதிப் போட்டேன். நாற்பது பேருக்கு மேல் தொடர்புகொண்டார்கள். ஒருவர்கூட இரண்டாவது தடவை பேச வரவில்லை.

எனக்குக் கோடு எழுதத் தெரியாது. வயது 44. நல்ல இஞ்சினியர் யார் என்று நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பங்கை எப்படிப் பிரிப்பது? எங்கே போய்த் தேடுவது?

சொல்ல மறந்துவிட்டேன். ஆறு வருடமாகக் குவியல்களின் வெப்பநிலையை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குவியலுக்கும் மூன்று ஆழத்தில், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பதினொரு நோட்டு சேர்ந்திருக்கிறது. இது எதற்காவது உதவுமா?


சுற்றுப்பலகை:

நண்பரே, உங்கள் பதிவின் கடைசிப் பத்திதான் முதல் பத்தியாக இருந்திருக்க வேண்டும். பதினொரு நோட்டு! அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்கிறீர்கள். அந்த நாற்பது பேரில் யாருக்காவது நோட்டைக் காட்டினீர்களா? "பூமியைக் காப்பாற்ற" என்ற வரியை எங்களைப் போன்றவர்கள் தினமும் படிக்கிறோம். அந்த நோட்டை எங்கேயும் பார்க்க முடியாது.

நான் எப்படிச் சேர்ந்தேன் என்று சொல்கிறேன். ஆற்று நீரின் தரத்தை அளக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான்கு வருடம் டெக்னிக்கல் கோ-ஃபவுண்டராக இருந்தேன். அதைத் தொடங்கியவர் என்னிடம் திட்டம், முதலீடு என்று எதுவும் பேசவில்லை. ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். மூன்று வாரமாகத் தண்ணீரில் கிடந்த சென்சாரைக் கயிற்றோடு மேலே இழுத்தார். அதன் முனையில் இருந்த கண்ணாடியே தெரியவில்லை, பழுப்பும் பச்சையுமாக வழவழவென்று ஒரு தோல் மூடியிருந்தது. விரலால் வழித்துக் காட்டி, "இது சொல்கிற ஆக்சிஜன் அளவு ஆற்றுடையது இல்லை, இந்தப் பாசியுடையது" என்றார். உண்மைதான், சென்சாரின் மேல் படர்கிற உயிர்ப்படலம் அங்கேயே ஆக்சிஜனை விடும், இழுக்கவும் செய்யும், அளவு அதற்கேற்ப ஏறி இறங்கும். அன்று வீட்டுக்கு வந்து, அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஒரு சின்ன பிரஷை எப்படிச் சுழற்றுவது என்று விடிய விடியக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தேன். மறு வாரம் சேர்ந்துவிட்டேன்.

இஞ்சினியர்களைப் பிடித்து இழுப்பது அந்த மாதிரி ஒரு முடிச்சுதான். சுற்றுச்சூழல் மேல் அக்கறை உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அக்கறையோடு வருகிறவருக்கு, கையில் எடுத்து அவிழ்த்துப் பார்க்க ஒரு சிக்கல் வேண்டும். உங்களிடம் இருக்கிறது, நீங்கள்தான் காட்டவில்லை.

இன்னொன்று, நீங்கள் தேடிய ஆளே வேறு. ஆப் செய்கிறவர் உங்களுக்கு இப்போது வேண்டாம். மழையிலும் சேற்றிலும் கருவியை வேலை செய்ய வைக்கிறவர் வேண்டும். உங்கள் குவியலுக்குள் 60 டிகிரிக்கு மேல் சூடு, ஈரம் சொட்டும் காற்று, கூடவே அம்மோனியா. அம்மோனியா செம்பை அரிக்கும். கம்பி இணைப்பு எங்கே இருந்தாலும் தேடிப் போய் அரிக்கும். ஈரமான குவியலுக்குள் ரேடியோ சிக்னல் மங்கிவிடும் என்பதால் ஆன்டெனாவைக் கம்பு நட்டு மேலே தூக்க வேண்டும். இதையெல்லாம் பட்டுத் தெரிந்தவர்கள் ஸ்டார்ட்அப் கூட்டங்களுக்கு அதிகம் வருவதில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் கருவிகளைப் பராமரிக்கிறவர்கள், பண்ணைகளுக்கு சென்சார் மாட்டுகிறவர்கள், பொழுதுபோக்குக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்கிற குழுக்கள், அங்கே போய்த் தேடுங்கள். ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்யும் ஒய் காம்பினேட்டர் நிறுவனம் 2021இல் தொடங்கிய கோ-ஃபவுண்டர் மேட்சிங் தளம் இலவசம்தான், அதிலும் ஒரு விவரம் போட்டு வையுங்கள். கிளைமேட் ஆக்‌ஷன் டெக் என்ற குழுவில் தொழில்நுட்ப வேலையில் இருந்துகொண்டே காலநிலைக்காக உழைக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கே போனாலும் சிடிஓ தேவை என்று தொடங்காதீர்கள். ஒரு குவியலின் பத்து நாள் அளவை வரைபடமாகப் போட்டு, "இந்த இடத்தில் ஏன் இறங்கியது?" என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள், நோட்டு என்ன சொல்கிறது?


மட்குக்காரன்:

சுற்றுப்பலகை சார், உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். நோட்டை யாருக்கும் காட்டவில்லை என்பது உண்மை. அது என் சொந்தக் கணக்கு, இஞ்சினியர்களுக்கு எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

நோட்டு சொல்வது இது. நல்ல கலவையாக இருந்தால், அதாவது கார்பனும் நைட்ரஜனும் 30க்கு 1 என்ற கணக்குக்குப் பக்கத்தில் இருந்தால், இரண்டு மூன்று நாளில் குவியல் 55 டிகிரியைத் தாண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதியில், கிருமிகள் சாக நீளக் குவியலில் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து தடவையாவது புரட்டியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. கழிவுநீர்க் கசடுக்காக எழுதிய விதி. நானும் அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

இப்போது கவனியுங்கள். காற்று தீரும்போது முழுக் குவியலும் ஒரே நேரத்தில் ஆறுவதில்லை. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் 60 டிகிரி அப்படியே இருக்கும். 90இல் மட்டும் காலைக்கும் மாலைக்கும் நடுவே இரண்டு டிகிரி, மறுநாள் மூன்று டிகிரி என்று இறங்கும். வெளியே கை வைத்தால் சூடாகத்தான் இருக்கும், ஆவியும் வரும், எல்லாம் நன்றாக நடக்கிறது என்றுதான் தோன்றும். நாற்றம் வருவது அதற்கு இரண்டு நாள் கழித்து. நாற்றத்துக்கு முன்னால் அந்த இறக்கம் வந்தது பல பக்கங்களில் இருக்கிறது. அப்போதே புரட்டினால் ஒரு நாளில் சூடு மறுபடி ஏறும். புரட்டியும் ஏறவில்லை என்றால் காற்று காரணமில்லை, காய்ந்துவிட்டது அல்லது சத்து தீர்ந்துவிட்டது. கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் எது என்று தெரிந்துவிடும்.

இதை ஒரு இயந்திரம் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.


தரவுத்தோழி:

மட்குக்காரன் அண்ணா, உங்கள் இரண்டாவது பதிவைப் படித்ததும் எனக்கே வந்து பார்க்கத் தோன்றியது. முதல் பதிவுக்கு அப்படித் தோன்றவில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நான் மென்பொருள் ஆள். சுற்றுச்சூழல் ஸ்டார்ட்அப்களிலிருந்து மூன்று தடவை கோ-ஃபவுண்டராக வரச் சொல்லிக் கேட்டார்கள், மூன்றையும் மறுத்தேன். சம்பளம் காரணமில்லை. மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "இதை யார் வாங்குவார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் பேசியிருக்கிறீர்கள்?" அரசாங்கம் கட்டாயமாக்கும் என்றார் ஒருவர். மக்கள் மாறுவார்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவருக்குக் கோபமே வந்துவிட்டது. கோடு எழுதுகிற எனக்குக் கடைசி வரை பயம் அதுதான். இரண்டு வருடம் உழைத்து ஒழுங்காகச் செய்து முடித்த ஒன்றை யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்றால் அந்த இரண்டு வருடம் போனது போனதுதான். அதனால் உங்களைப் போல யார்டு நடத்துகிற பத்துப் பேரிடம் பேசிவிட்டு வாருங்கள். விற்க வேண்டாம். போன மாதம் எத்தனை தடவை நாற்றப் புகார் வந்தது, புரட்டுவதற்கு எவ்வளவு டீசல் போனது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இஞ்சினியரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு அதுவும் கையில் இருக்கட்டும்.

கோடு தெரியாமல் ஒருவரை எப்படி எடை போடுவது என்று கேட்டிருந்தீர்கள். வருகிறவர் உங்களைக் கேட்கிற கேள்விகளைக் கவனியுங்கள். எந்த மொழியில் எழுதலாம், எந்த கிளவுடில் போடலாம் என்றே பேசிக்கொண்டிருந்தால் பொறுங்கள். சென்சார் பொய் சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும், புரட்டும் வண்டி வரும்போது கம்பியை யார் எடுப்பது, எடுத்ததை அதே இடத்தில் யார் திரும்பச் செருகுவது என்று கேட்டால் அவரை விடாதீர்கள். அப்புறம் அவர் முன்பு செய்த ஏதாவது ஒன்று பழுதான கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நிஜமாகச் செய்தவர் நேரம், இடம், எந்தப் பாகம் என்று சொல்வார்.

சுற்றுப்பலகை சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. ஆளைத் தேடிவிட்டு அளப்பதைவிட, அளக்கத் தொடங்கிவிட்டு ஆளைத் தேடலாம். டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சார் மூன்று வாங்குங்கள், நீர்புகாத எஃகுக் குழாயில் அடைத்தே கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உள்ளே பதிந்திருப்பதால் மூன்றையும் ஒரே கம்பியில் கோக்கலாம். அரை டிகிரி வரை முன்பின் இருக்கும், உங்கள் வேலைக்கு அது போதும். போலிகள் நிறையச் சுற்றுகின்றன, அதனால் வாங்கியதும் நொறுக்கிய ஐஸும் தண்ணீருமாக ஒரு பாத்திரத்தில் மூன்றையும் போட்டு, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறதா என்று பாருங்கள். அளவுகளை மெமரி கார்டில் தானாக எழுதி வைக்கும் ஒரு லாகரை மாட்டிக்கொடுக்க எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற மாணவர் ஒருவரே போதும், கூலி கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். நான்கு வாரம் ஒரே ஒரு குவியல். மெஷின் லேர்னிங் என்று யாராவது பேசினால் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 90 சென்டிமீட்டரில் இறங்கி 30இல் இறங்காவிட்டால் மணி அடி என்பது ஒரு வரிக் கோடு.


மூன்றாம்முயற்சி:

பங்கு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இரண்டு நிறுவனங்களில் இதில்தான் அடிபட்டேன்.

பத்து சதவீதம் கொடுத்துவிட்டு கோ-ஃபவுண்டர் என்று கூப்பிடாதீர்கள், அவர் சம்பளம் வாங்காத ஊழியராகத்தான் இருப்பார், முதல் நல்ல வேலை வந்ததும் போய்விடுவார். உங்கள் ஆறு வருடத்துக்கு மதிப்பு உண்டு, அதற்காகக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலையில் பெரும்பகுதி இனிமேல்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் பாதிக்குப் பக்கத்தில் கொடுக்கலாம்.

எவ்வளவு கொடுத்தாலும் வெஸ்டிங் இல்லாமல், அதாவது வேலை செய்த காலத்துக்கேற்பப் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும் ஏற்பாடு இல்லாமல், கொடுக்காதீர்கள். வழக்கமாக நான்கு வருடம், முதல் வருடம் கிளிஃப். அதாவது ஒரு வருடம் முடிவதற்குள் விலகினால் பங்கு ஒன்றும் கிடையாது, முடிந்ததும் கால் பங்கு கைக்கு வரும், மீதி மாதாமாதம். இது உங்களுக்கும் பொருந்த வேண்டும். அவருக்கு மட்டும் போட்டால் முதல் நாளே கசப்பு.

கோடு, வரைபடம், சர்க்யூட் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று முதல் வாரமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோடு இருக்கும் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே திறந்து அவருக்கு அனுமதி கொடுங்கள். போன தடவை பட்டதை மறுபடி படாதீர்கள். இதையெல்லாம் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். அதற்கும் முன்னால் இரண்டு மாதம் சேர்ந்து வேலை செய்து பாருங்கள், பங்குப் பேச்சே இல்லாமல், ஒரே ஒரு வேலையை முடிப்பது என்று வைத்துக்கொண்டு.


மட்குக்காரன் (பத்து வாரம் கழித்து):

நண்பர்களே, எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

யார்டு நடத்துகிற ஏழு பேரிடம்தான் பேச முடிந்தது. ஐந்து பேர் முதலில் சொன்னது நாற்றப் புகார். டீசல் அதற்கப்புறம்தான். மீத்தேன் என்று நானாகக் கேட்டபோதுதான் பேசினார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது, ஆனால் புகாரைக் குறைக்கிற அதே புரட்டல்தான் மீத்தேனையும் குறைக்கிறது, அதனால் எதைச் சொல்லி மாட்டினாலும் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு மாணவர் லாகரை மாட்டிக்கொடுத்தார். 30, 60, 90 சென்டிமீட்டரில் மூன்று சென்சார். பன்னிரண்டாம் நாள் ராத்திரி பார்க்கிறேன், நடு சென்சார் 85 டிகிரி காட்டுகிறது. மாறவே இல்லை, 85, 85, 85. குவியல் உள்ளுக்குள் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து டார்ச்சும் நீளக் கம்பி வெப்பமானியும் எடுத்துக்கொண்டு ஓடினேன். குத்திப் பார்த்தால் 61. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரைபடத்தை அப்படியே சென்சார் ஆர்வலர்கள் குழு ஒன்றில் போட்டுக் கேட்டேன். கால் மணி நேரத்தில் ஒருவர் பதில் போட்டார்: "85 என்பது அளவு இல்லை. அந்த சிப் மின்சாரம் வந்து விழித்ததும், இன்னும் அளக்காமலேயே சொல்கிற எண். உங்கள் கம்பியில் எங்கோ மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது." மறுநாள் இணைப்பைப் பிரித்தேன். டேப் சுற்றியிருந்த இடத்தில் ஈரம் இறங்கி, செம்பு இழைகள் கறுத்து, ஓரத்தில் நீலப் பொடியாக உதிர்ந்தன. சுற்றுப்பலகை சார் எழுதியது அப்படியே கண் முன்னால் இருந்தது.

அவரே அடுத்த நாள் இன்னொரு செய்தி அனுப்பினார். "85ஐ விடுங்கள். அதற்கு முந்தின இரண்டு நாளும் 90 சென்டிமீட்டரில் மெதுவாக இறங்கியிருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டிருந்தார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நோட்டுகளைப் படம் எடுத்து அனுப்பினேன்.

அவர் குளிர்பதனக் கிடங்குகளில் வெப்பக் கருவிகளைப் பராமரிக்கிறவர். ஆறு சனிக்கிழமையாக யார்டுக்கு வருகிறார். முதல் நாள் வந்தவுடன் கேட்டது, புரட்டும் வண்டி வரும்போது கம்பியை யார் எடுப்பார்கள் என்று. தரவுத்தோழி, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். எட்டு வார ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், கோடு நான் திறந்த கணக்கில் இருக்கிறது. பங்கு பற்றி இன்னும் பேசவில்லை. மூன்று ஆழம் தேவையில்லை, இரண்டே போதும் என்கிறார் அவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை, நடு அளவு இல்லாவிட்டால் காய்ந்ததையும் காற்று தீர்ந்ததையும் பிரிக்க முடியாது என்று வாதாடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த குவியலில் இரண்டையும் வைத்துப் பார்ப்பதாக முடிவு.

இப்போது ஒரு கேள்வி. லாகர் இருக்கும் பெட்டிக்குள் கம்பி நுழையும் இடத்தில் கேபிள் கிளாண்ட் (கம்பியை இறுக்கிப் பிடித்து அடைக்கும் மூடி) போட்டு, இணைப்புகளுக்குப் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டுவிட்டோம். மழைநீர் வழிந்து உள்ளே போகாமல் கம்பியைக் கீழே வளைத்துத்தான் கொண்டுபோகிறோம். இருந்தும் மூன்று வாரத்தில் பெட்டிக்குள் மூடியின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது. கம்பியின் உறைக்குள்ளேயே இழை வழியாக ஈரம் ஏறுகிறதா, அல்லது பகல் சூடும் ராத்திரிக் குளிரும் மாறிமாறி வரும்போது பெட்டி மூச்சு விட்டு உள்ளே இழுக்கிறதா? ஆற்றில் போட்ட பெட்டிகளுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள், சுற்றுப்பலகை சார்?